‘தி’ என்றால் ‘அந்த’ இல்லை

பல வருடங்களுக்கு முன்பு ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். முன்பின் தெரியாதவர்கள், அதுதான் முதல் கடிதம். எடுத்த எடுப்பில் எழுதிய வரி: ‘ஐ சென்ட் தி ஃபார்ம் லாஸ்ட் வீக்’. மறுநாள் இரண்டே சொல்லில் பதில் வந்தது: ‘விச் ஃபார்ம்?’ எனக்குக் கோபம்தான் வந்தது. போன வாரம் அனுப்பினேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறேனே, அப்புறம் என்ன கேள்வி? வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். காலம் சரி, வினைச்சொல் சரி, எழுத்துப்பிழைகூட இல்லை. தப்பு அந்தப் பொடிச் சொல்லில், ‘தி’யில் இருந்தது என்று புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆங்கிலத்தில் ‘தி’யைவிட அதிகம் புழங்கும் சொல் கிடையாது. 1961இல் அமெரிக்காவில் அச்சான பலவகை எழுத்துகளிலிருந்து சுமார் பத்து லட்சம் சொற்களைத் திரட்டி, பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணினியில் ஏற்றி எண்ணிப் பார்த்தார்கள். ‘தி’ மட்டும் கிட்டத்தட்ட 70,000 தடவை. நூறு சொல்லுக்கு ஏழு. இரண்டாவதாக வந்த ‘ஆஃப்’ அதில் பாதிதான் தேறியது. வரிக்கு வரி வரும் இந்தச் சொல்லை நாம் எப்படிப் படித்தோம்? நதிக்கு முன்னால் போடு, மலைத்தொடருக்கு முன்னால் போடு, சூரிய சந்திரருக்குப் போடு, ஊர்ப் பெயருக்குப் போடாதே. பட்டியலை உருப்போட்டு மார்க் வாங்கியாயிற்று. எதற்காகப் போடுகிறோம் என்று கேட்டால், “தி என்றால் அந்த, உட்கார்” என்று பதில் வரும்.

பூனை குடித்த பால்

‘தி’ ஏதோ வெள்ளைக்காரன் சமாசாரம் மாதிரி தோன்றும். அது செய்யும் வேலையைத் தமிழில் நாம் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“பூனை பால் குடிக்கும்.”

“ஐயையோ, பூனை பாலைக் குடிச்சிடுச்சு!”

முதல் வாக்கியம் பூனைகளின் பழக்கத்தைச் சொல்கிறது. குறிப்பிட்ட எந்தப் பாலையும் சொல்லவில்லை, பொதுவாகப் பால். இரண்டாவது, சமையலறையிலிருந்து வரும் சத்தம். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் “எந்தப் பால்?” என்று கேட்கமாட்டார். காலையில் வாங்கி, காய்ச்சி, மேடைமேல் ஆற வைத்திருந்த பால் என்று அவருக்கே தெரியும். இன்றைக்குக் காபி இல்லை என்பதும் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது? பால், பாலை ஆனது. அதில் ஒட்டியிருக்கும் ‘ஐ’தான் இரண்டாம் வேற்றுமை உருபு. அதாவது, செயல் எதன்மேல் நடக்கிறது என்று காட்டும் ஒட்டு. (ஆங்கிலத்து ‘நான்’ என்ற ‘ஐ’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) “பால் குடித்தான்” என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, உருபு மறைந்து வந்திருக்கிறது என்று எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படித்திருப்போம். பாடம் அதோடு முடிந்துவிடும். உருபு மறைந்தால் ஒரு பொருள், வெளியே வந்தால் வேறு பொருள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் வாய்க்கு அது தெரியும். “பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்” என்றால் தட்டில் சொஜ்ஜி பஜ்ஜி வரும். “பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்” என்றால், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் தப்பாகச் சொல்லும் தமிழரை நான் பார்த்ததில்லை.

‘ஐ’யும் ‘தி’யும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ‘ஐ’ பெரும்பாலும் எப்படியும் வந்துவிடும். “ஒரு டாக்டரைப் பார்த்தேன்” என்கிறோம், எந்த டாக்டர் என்று கேட்பவருக்குத் தெரியாது. எழுவாய்க்கு ‘ஐ’ வரவே வராது. ஆக, ‘தி’யின் வேலையில் ஒரு பங்கைத்தான் ‘ஐ’ பார்க்கிறது. மீதியைத் தமிழில் சூழ்நிலையும் குரலும் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலம் எல்லா இடத்திலும் அதற்கென்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்பவருக்கு ஒரு சைகை

இப்போது ‘தி’ என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பேசுகிறவர் கேட்கிறவருக்குக் காட்டும் சைகை அது: “நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும், அல்லது ஒரு நொடி யோசித்தால் பிடிபட்டுவிடும்.” அதன் ஜோடியான ‘எ’ இதற்கு நேர் எதிர்: “உனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இந்த மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்.” பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று இப்படிச் சைகை காட்டும் சொற்களுக்குத்தான் ஆர்ட்டிகிள் என்று பெயர்.

நம் இலக்கணப் புத்தகங்கள் ‘தி’ வந்தால் “குறிப்பிட்ட பொருள்” என்கின்றன. பொய் இல்லை, பாதி உண்மை. யாருக்குக் குறிப்பிட்ட பொருள் என்பதை விட்டுவிட்டார்கள். நான் அனுப்பிய படிவம் எனக்கு மிகவும் குறிப்பிட்ட பொருள்தான். என் கையால் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பியது. ஆனால் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு? மேசைமேல் கட்டுக் கட்டாகப் படிவங்கள். ‘தி ஃபார்ம்’ என்று எழுதியதன் மூலம் “எந்தப் படிவம் என்று உனக்குத்தான் தெரியுமே” என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் “தெரியாதே, எந்தப் படிவம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘எ ஃபார்ம்’ என்று தொடங்கி, என்ன படிவம் என்று அடுத்த வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பொருள் பேசுகிறவருக்குத் தெரியுமா என்பது ‘தி’க்குக் கணக்கில்லை. கேட்கிறவரால் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கணக்கு.

‘அந்த’ எங்கே வழுக்குகிறது

‘ஷட் தி டோர்’ என்றால் “கதவைச் சாத்து”. ‘ஷட் தட் டோர்’ என்றால் “அந்தக் கதவைச் சாத்து”. இரண்டாவதைச் சொல்லும்போது கை தானாக நீளும். இந்தக் கதவு இல்லை, அதோ அந்தக் கதவு. ‘அந்த’ என்பது சுட்டு, விரல் நீட்டிக் காட்டும் சொல். பலவற்றில் ஒன்றைப் பிரித்துக் காட்டும். ‘தி’ விரலை நீட்டுவதில்லை. நீட்ட வேண்டிய அவசியமே இல்லை என்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால், “அந்த மனிதன் அந்தக் கதவைத் திறந்து அந்த அறைக்குள் நுழைந்தான்” என்று வரும். படிக்கும்போதே கழுத்து அங்கும் இங்கும் திரும்புகிறது. “அவன் கதவைத் திறந்து அறைக்குள் நுழைந்தான்” என்றால் போதும், ஒன்றும் குறையாது. டப்பிங் படங்களில் ‘அந்த’ மழையாகப் பொழிவதற்கும் இதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

ஆனால் ஒன்று, ‘தி’யும் ‘அந்த’வும் சுத்தமாக உறவில்லாதவை அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘தி’ என்ற தனிச்சொல் இல்லை. ஆண்பால், பெண்பால் என்று பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்றபடி வடிவம் மாறும் ஒரு சுட்டுச் சொல்தான் இருந்தது. அது தேய்ந்து தேய்ந்து, ஒரு கிளை ‘தட்’ ஆகவும் இன்னொரு கிளை ‘தி’ ஆகவும் பிரிந்தது. லத்தீனிலும் ஆர்ட்டிகிள் இல்லை. அதில் ‘அந்த’ என்ற பொருளில் இருந்த சொல் தேய்ந்துதான் பிரெஞ்சில் ‘லெ’, ஸ்பானிஷில் ‘எல்’ என்று ஆனது. விரல் நீட்டி நீட்டிச் சலித்துப்போய், கையை மடக்கிக்கொண்ட சுட்டுதான் ஆர்ட்டிகிள் என்று வேண்டுமானால் சொல்லலாம். அரபியில் ‘அல்’ இதே வேலையைச் செய்கிறது. அல்ஜீப்ரா, ஆல்கஹால் இரண்டின் தலையிலும் உட்கார்ந்திருப்பது அதுதான். ‘தி ஆல்கஹால்’ என்று எழுதுகிறவர் தெரியாமலே இரண்டு ‘தி’ போடுகிறார்!

கல்யாணச் சாப்பாடு

“முதல் தடவை சொல்லும்போது ‘எ’, இரண்டாம் தடவை ‘தி’” என்று ஒரு சூத்திரம் உண்டு. ‘ஐ சா எ டாக். தி டாக் வாஸ் லேம்.’ ஒரு நாயைப் பார்த்தேன், நாய் நொண்டி. முதல் வாக்கியத்தில் அறிமுகம் ஆகிவிட்டதால் இரண்டாவதில் எந்த நாய் என்று தெரியும். சரிதான். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் சீக்கிரமே முட்டிக்கொள்வோம்.

ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்று சொல்கிறார்: ‘ஐ வென்ட் டு எ வெட்டிங். தி ஃபுட் வாஸ் குட், பட் தி ஹால் வாஸ் டூ ஸ்மால்.’ சாப்பாட்டைப் பற்றி இதற்கு முன் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபத்தைப் பற்றியும் இல்லை. இரண்டும் முதல் தடவையே ‘தி’யோடு வந்து இறங்குகின்றன. தப்பா? இல்லை. கல்யாணம் என்று சொன்னதுமே பந்தி, மண்டபம், மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரம் எல்லாம் கேட்பவர் மனதில் வந்து உட்கார்ந்துவிடும். ‘தி ஃபுட்’ என்றதும் அவர் அங்கிருந்து சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறார். ஒரு கார் வாங்கினேன், ‘தி என்ஜின்’ தகராறு செய்கிறது என்பதும் இப்படித்தான். கார் என்றால் என்ஜின் இருக்கும், அதுவும் ஒன்றுதான் இருக்கும். ‘தி’யின் புழக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு பேர் பொதுவாக அறிந்து வைத்திருக்கும் ஓர் உலகம் முழுவதையும் அந்தச் சின்னச் சொல் நம்பி நிற்கிறது. ஒரு கார் வாங்கினேன், ‘தி நாதஸ்வரம்’ நன்றாக இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். எந்த நாதஸ்வரம் என்பார்கள்.

மற்ற வழிகள் எளியவை. கண்ணெதிரே இருந்தால் தெரியும்: சாப்பாட்டு மேசையில் ‘பாஸ் தி சால்ட்’. உலகத்துக்கே ஒன்றுதான் என்றால் தெரியும்: ‘தி சன்’, ‘தி மூன்’. நாட்டுக்கு ஒருவர்தான் என்றாலும் தெரியும்: ‘தி பிரைம் மினிஸ்டர்’. பின்னால் வரும் விளக்கம் அடையாளம் காட்டினாலும் தெரியும்: ‘தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே’, நேற்று வந்தவர்.

ஆக, முன்பே பேச்சில் வந்தது, கண்முன் இருப்பது, ஒன்றே ஒன்று, வேறொன்றோடு ஒட்டி வருவது, விளக்கத்தால் பிடிபடுவது. எந்த வழியில் வந்தாலும் கேட்கிறவர் சரியான பொருளில் போய்ச் சேர்ந்தால் ‘தி’ சரி.

இட்லி தீர்ந்த கதை

‘ஐ ஏட் இட்லீஸ்’ என்றால் காலையில் இட்லி சாப்பிட்டேன், அவ்வளவுதான். ‘ஐ ஏட் தி இட்லீஸ்’ என்றால் அது வாக்குமூலம். தம்பிக்கென்று மூடி வைத்திருந்த இட்லி, தட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. பன்மைக்கு முன்னால் ‘தி’ வந்தால், நம் இருவருக்கும் தெரிந்த அந்தக் கூட்டம் மொத்தமும் என்று பொருள். நான்கு இட்லியில் இரண்டைத் தின்றுவிட்டு ‘தி இட்லீஸ்’ என்று சொல்ல முடியாது. ‘குளோஸ் தி விண்டோஸ்’ என்றால் எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டும்.

ஒருமையில் இதே கணக்கு ஒன்றே ஒன்று என்று ஆகிவிடும். இங்கேதான் நம் ஊர் இன்டர்வியூக்களில் ஒரு வேடிக்கை நடக்கிறது. அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால், ‘ஐ ஆம் தி ஸ்டூடன்ட் ஆஃப்’ என்று தொடங்கிக் கல்லூரிப் பெயரைச் சொல்கிறார்கள். கேட்கிறவர் காதில், அந்தக் கல்லூரிக்கே நான் ஒருவன்தான் மாணவன் என்று விழும். கல்லூரி நிர்வாகம் கேட்டால் பதறிவிடும். ஆயிரம் பேரில் ஒருவர் என்றால் ‘எ ஸ்டூடன்ட்’. ‘ஷி இஸ் தி பிரின்சிபல்’ சரி, கல்லூரிக்கு ஒருவர்தான். ‘ஷி இஸ் எ லெக்சரர்’ சரி, பலரில் ஒருவர்.

‘தி லைஃப் இஸ் வெரி டிஃபிகல்ட்’

வாழ்க்கை கஷ்டம்தான், ஆனால் ‘தி’ வேண்டாம். பொதுவாகப் பேசும்போது ஆங்கிலம் ‘தி’யை எடுத்துவிடும்: ‘லைஃப் இஸ் டிஃபிகல்ட்’, ‘நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்’, ‘மேங்கோஸ் ஆர் ஸ்வீட்’. எந்த வாழ்க்கை, எந்த மாம்பழம் என்று தேடிப் போக வேண்டியதில்லை என்பதால், கண்டுபிடி என்ற சைகைக்கும் வேலை இல்லை. “பூனை பால் குடிக்கும்” வாக்கியத்தில் ‘ஐ’ இல்லாமல் போனதும் இதே காரணத்தால்தான்.

‘வாட்டர் இஸ் பிரெஷஸ்’, தண்ணீர் விலைமதிப்பற்றது. சுவரில் எழுதும் வாசகம். ‘தி வாட்டர் இஸ் சால்ட்டி’, தண்ணீர் உப்பாக இருக்கிறது. இது மாடித் தொட்டிக்கு வந்த லாரித் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்வது.

ஊரும் ஆறும்

பெயர் என்பதே ஆளைப் பிரித்துக் காட்டத்தான் இருக்கிறது. மதுரை என்றால் மதுரைதான், எந்த மதுரை என்ற கேள்வி இல்லை. அதனால் ஆங்கிலத்தில் ஊருக்கும் ஆளுக்கும் ‘தி’ வேண்டாம். (தி.நகரை யாரும் எடுத்துக்காட்டாகக் கொண்டு வர வேண்டாம், அது தியாகராய நகர்.)

அப்படியானால் சில பெயர்களுக்கு மட்டும் ஏன்? அந்தப் பெயர்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சாதாரணச் சொல் இருக்கும். ‘தி யுனைட்டட் ஸ்டேட்ஸ்’: ஒன்றிணைந்த மாநிலங்கள். ‘தி நெதர்லாந்ட்ஸ்’: தாழ்ந்த நிலங்கள். நீலகிரி மாவட்டத்துக்கு அரசு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரே ‘தி நீல்கிரீஸ்’, அதாவது நீல மலைகள், பன்மை. அதே மாவட்டத்தின் கோத்தகிரிக்கு ‘தி’ இல்லை. இந்தியாவுக்கு இல்லை, ‘தி ரிபப்ளிக் ஆஃப் இந்தியா’வுக்கு உண்டு, ஏனென்றால் குடியரசு என்பது பெயர் அல்ல, சாதாரணச் சொல். ஆறுகளுக்கு ‘தி’ வருவதை மட்டும் பழக்கம் என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது: ‘தி காவேரி’, ‘தி தேம்ஸ்’. ஏரிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

இந்தச் சின்னச் சொல்லில் அரசியலும் உண்டு. உக்ரைனை ஆங்கிலத்தில் வெகுகாலம் ‘தி உக்ரைன்’ என்றுதான் எழுதிவந்தார்கள். 1991இல் தனி நாடான பிறகு, ‘தி’ போட்டால் இன்னொரு நாட்டின் ஒரு பகுதியைச் சொல்வது போல இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று உக்ரைனியர்கள் வற்புறுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் ‘உக்ரைன்’தான். ஆப்பிரிக்க நாடான காம்பியாவோ தன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ‘தி’யை விடாமல் வைத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ‘மை சன் கோஸ் டு ஸ்கூல்’, பையன் படிக்கப் போகிறான். ‘ஐ வென்ட் டு தி ஸ்கூல்’, நான் ஃபீஸ் கட்டப் போனேன், கட்டடத்துக்கு. ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்றால் பிரிட்டிஷ் வழக்கில் நோயாளியாகப் படுத்திருப்பது, அமெரிக்கர்கள் அதற்கும் ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்பார்கள். வீணை வாசிப்பதற்கு ‘தி’ உண்டு, கிரிக்கெட் ஆடுவதற்கு இல்லை. இவற்றுக்கெல்லாம் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, காதில் விழும்போது கவனித்துக்கொள்வது லாபம்.

உச்சரிப்பில் ஒரு நுணுக்கம். மெய்யொலிக்கு முன்னால் அது ‘த’ போலத் தேய்ந்து ஒலிக்கும், உயிரொலிக்கு முன்னால் ‘தி’. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும். ‘த புக்’, ‘தி ஆப்பிள்’, ஆனால் ‘த யுனிவர்சிட்டி’. அழுத்திச் சொன்னால் எல்லா இடத்திலும் ‘தீ’. சச்சின் டெண்டுல்கர் என்று ஒருவர் போனில் பேசினால், ‘தீ சச்சின் டெண்டுல்கர்?’ என்று கேட்கலாம். அதைத் தமிழில் எப்படிக் கேட்போம்? “அந்த சச்சினா?” என்றுதான். இந்த ஓர் இடத்தில் மட்டும் வாத்தியார் சொன்னது அப்படியே சரி.

கேட்டில் தொங்கும் பலகை

நம் தெருக்களில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகைக்குக் கீழே ஆங்கிலமும் இருக்கும். சில வீட்டில் ‘பிவேர் ஆஃப் டாக்ஸ்’. உலகத்தில் உள்ள நாய்களிடமெல்லாம் கவனமாக இரு என்று பொதுப்படையான அறிவுரை. சில வீட்டில் ‘பிவேர் ஆஃப் தி டாக்’. தெருவில் நிற்கும் நமக்கு எந்த நாயையும் யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. குரைப்புச் சத்தம்கூட இல்லை. ஆனாலும் எந்த நாய் என்று கேட்கத் தோன்றாது. பலகை தொங்குவது இந்த கேட்டில், ஆகவே நாய் இந்த கேட்டுக்கு உள்ளே. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டு, காலிங் பெல்லைத் தேடுவோம்.